ஓசூரில் பொட்டு வைத்த ஃபிளாப்பி

ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று காலேஜ் சுவரில் தொங்கும் மேப்பில் காட்டினார்கள். மேப்புக்கென்ன, அதற்கு வாய் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒருத்தர் தெலுங்கில் கேட்கிறார், இன்னொருத்தர் கன்னடத்தில் பதில் சொல்கிறார், நடுவில் நான் தமிழோடு நிற்கிறேன். எனக்கு அது வெளிநாடுதான். கடல் தாண்டிப் போனவர்களெல்லாம் எழுதுகிறார்கள். நான் சூளகிரி மேடு தாண்டிப் போனதை எழுதினால் என்ன?

என் பேர் மாதம்மாள். ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரி டவுனில் பெண்பிள்ளைகள் படிக்கிற ஒரு பாலிடெக்னிக்கில் டைப் லேபுக்கு ஆயாவாக இருந்தேன். ஆயா என்றால் கூட்டிப் பெருக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு மிஷின், இருபத்திரண்டும் என் பொறுப்பு. தூசி தட்டி, எண்ணெய் விட்டு, ரிப்பன் மாற்றி, சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு மூடினால்தான் எனக்கு பஸ் ஏற மனசு வரும். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் ஏ பி சி டி இன்றைக்கும் பாதியில் நின்றுவிடும். ஆனால் க்யூ டபிள்யூ இ ஆர் டி ஒய் என்று கேளுங்கள், கடைசி வரைக்கும் சொல்வேன். வருசக்கணக்காக இடமிருந்து வலமாகக் கட்டை கட்டையாகத் துடைத்தவளுக்கு அந்த வரிசைதானே வரும்.

வருசம் எண்பத்தாறோ எண்பத்தேழோ. மாசம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, புரட்டாசி. டைப் பிரிவுக்கு அப்போது பர்வீன் டீச்சர். டவுனில் ஜவுளிக் கடை வைத்திருந்தவரின் மகள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பேச்சு மெதுவாக இருக்கும், விரல் மட்டும் மழை மாதிரி. ஒருநாள் பிரின்சிபால் அம்மா அவரைக் கூப்பிட்டுச் சொன்னார், நான் கதவருகில் நின்றேன்.

"அடுத்த ஜூன்ல இருந்து டைப்போட கம்ப்யூட்டரும் சொல்லித் தரணுமாம். விஜயதசமிக்கு மறுநாள் மெட்ராஸ்ல இருந்து குழு வருது. புதுப் பாடத்திட்டத்தை அவங்க ஒத்துக்கிட்டா உங்க பிரிவு இருக்கும். இல்லேன்னா அடுத்த வருசம் பொண்ணுங்களைச் சேர்க்கவே கூடாதுன்னுட்டாங்க."

பிரிவு போனால் டீச்சரும் போவார், மிஷினும் போகும், நானும் போவேன். டீச்சர் லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்துப் பதினாறு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆனால் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் காலேஜில் ஒருத்தரும் இல்லை. "பாக்காத மிஷினுக்குப் பாடம் எழுதியிருக்கேன் மேடம், எனக்கே பயமா இருக்கு" என்றார் டீச்சர். பிரின்சிபாலுக்குத் தெரிந்த மேனேஜர் ஒருத்தர் ஓசூரில் ஒரு ஃபாக்டரியில் இருந்தார். ஒரு வாரம் வந்து பார்க்கட்டும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் மிஷினில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். டீச்சரின் அத்தாவுக்குத்தான் தயக்கம். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது? கடைசியில், "மாதம்மா கூடப் போனா அனுப்பறேன்" என்றார். ஜவுளிக் கடைக்காரர் வாயால் அப்படி வந்தது எனக்குப் பெருமைதான்.

பெருமை இருந்தது, இஷ்டம் இல்லை. இளையாளைப் பெண் பார்க்க மூத்தாளையே கூட்டிப்போகிற மாதிரி இருந்தது எனக்கு. எங்க வூட்டுக்காரர் மட்டும், "போய்ட்டு வா, எருமையை நான் பாத்துக்கறேன்" என்று உடனே சொல்லிவிட்டார். அதிலும் எனக்கு வருத்தம்.

கிளம்பும்போது லேபிலிருந்து பெட்டியில் வைக்கிற சின்ன டைப் மிஷினையும் தூக்கிக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர் பாக்கப் போறோம் ஆயா, இது எதுக்கு?"

"அங்க கரண்டு நின்னா?"

"அது ஃபாக்டரி. ஜெனரேட்டர் இருக்கும்."

"ஜெனரேட்டர் நின்னா?"

டீச்சர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர், "பெரியம்மா, பெட்டியை மேல போட்டுரலாமா?" என்றார். "உன்னை மேல போட்டா நீ சும்மா வருவியா?" என்றேன். மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் என்னையும் பெட்டியையும் பார்த்துப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். டீச்சருக்குக் கடைப் பழக்கத்தில் தெலுங்கு தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னவென்றால், "கச்சேரிக்காரங்க போலிருக்கு. அந்தப் பெட்டி ஆர்மோனியம். சின்னது வாசிக்கும், பெரிசு பாடும்" என்றார்களாம். "பாடிக் காட்டட்டுமான்னு கேளுங்க" என்றேன்.

சூளகிரியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் புளிச்சோற்றைப் பிரித்தேன். டீச்சர் வூட்டில் சப்பாத்தியும் முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புரட்டாசியில் நான் முட்டை தொடமாட்டேன், அதனால் டீச்சர் முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு என் புளிச்சோற்றைத் தின்றார். மலைக்காற்று வந்தது. அந்தக் காற்றில் எனக்கு மனசிலிருந்தது வாயில் வந்துவிட்டது.

"டீச்சர், அந்தப் பொட்டி வந்தா என் மிஷினுங்களை எடைக்குப் போட்டுருவாங்க. அது வராமலே இருக்கட்டும்."

அந்தப் பேச்சு பின்னால் என்னை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஓசூரில் டீச்சரின் காலா வூட்டில் தங்கல். காலா என்றால் அவர்கள் பேச்சில் அம்மாவோடு பிறந்தவள். எனக்கு உள்ளுக்குள் ஒரு யோசனை இருந்தது, அந்த வூட்டில் ஏழு நாள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று. காலா வாசலிலேயே என் கையைப் பிடித்தார். "மாதம்மாக்கா, புரட்டாசின்னு பர்வீன் லெட்டர்ல எழுதியிருந்தா. இந்த வாரம் நம்ம வூட்டுலயும் கவுச்சி இல்லை. இது புதுச் சட்டி, இது புதுக் கரண்டி. நீங்களே ஆக்குங்க, எங்களுக்கும் கொஞ்சம் போடுங்க." அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது? அன்றைக்குக் களி கிண்டினேன், அவரைக்காய்ச் சாறு வைத்தேன். ஓசூர்க்காரர்கள் அதையே முத்தே என்கிறார்கள், பந்து மாதிரி உருட்டி மெல்லாமல் விழுங்குகிறார்கள். எங்கள் களி இலையில் வைத்தால் கொஞ்சம் இளகி உட்காரும். காலா தின்றுவிட்டு, "உங்க ஊரு களிக்கு அவசரம் இல்லை" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் ஃபாக்டரி. கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி ஆகாதாம். புடவைத் தலைப்பையும் உதறிவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளே போனால் மார்கழி விடியக்காலை மாதிரி குளிர். நான் கை கூப்பிவிட்டேன். செருப்பைக் கழற்றி உள்ளே போகிற இடம் எனக்கு வேறு என்ன தெரியும்?

மிஷினைப் பார்த்துக்கொண்ட பெண் பேர் பத்மா. வூட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். டீச்சர் தன் பதினாறு பக்கத்தை அவளிடம் கொடுத்தார். அவள் படித்தாள், பக்கத்தைத் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மேடம், எட்டு வாரம் அட்டையில ஓட்டை போடறது எப்படின்னு எழுதியிருக்கீங்களே!"

"கம்ப்யூட்டருக்கு அட்டையில ஓட்டை போட்டுத்தானே எதையும் குடுப்பாங்க? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

பத்மா மேசை டிராயரைத் திறந்தாள். கட்டுக் கட்டாக நீள அட்டைகள், ஓரம் வெட்டியிருந்தது. ஒன்றை எடுத்துக் காட்டினாள். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: துவரம்பருப்பு, சீயக்காய், ஊதுவத்தி. "அதே அட்டைதான் மேடம். நான் இங்க சேர்றதுக்கு முன்னாடியே அது போயிருச்சு. இப்ப வூட்டுச் சாமான் எழுத வெச்சிருக்கோம்."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினது. காலேஜுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கிழடு. ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவர். சாயங்காலம் அந்தப் பதினாறு பக்கத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அதில்தான் அன்றைக்குக் கடையில் வாங்கின பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நடந்தோம். கொறித்துக்கொண்டே, "நல்லவேளை ஆயா, குழு சிரிக்கறதுக்கு முன்னாடி பத்மா சிரிச்சுட்டா" என்றார்.

மூன்றாம் நாள் புதுசாக ஆரம்பித்தார். மிஷினிலேயே எழுதினார். எழுதுவதற்குத் தாள் கிடையாது, டிவி மாதிரி ஒரு பெட்டி, அதில் பச்சையாக எழுத்து வருகிறது. தப்பாகிவிட்டால் ரப்பர் வேண்டாம், வெள்ளை மை வேண்டாம், அது பாட்டுக்கு அழிகிறது. தலைப்பை நடுவில் கொண்டுவர எங்கள் பிள்ளைகள் எழுத்தை எண்ணி, பாதியாக்கி, ஸ்பேஸ் தட்டித் தட்டி வருவார்களே, இங்கே ஒரே தட்டில் தலைப்பு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தனை பிள்ளைகள் அத்தனை வருசம் எண்ணியதெல்லாம் எதற்கு?

அப்புறம்தான் கீழே பார்த்தேன். பலகையில் முதல் கட்டை க்யூ. பக்கத்தில் டபிள்யூ. அப்புறம் இ, ஆர், டி, ஒய். ஒவ்வொன்றாக விரல் வைக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் அதது இடத்தில் இருந்தது.

"பத்மா கண்ணு, இது நம்ம மிஷின்ல இருக்கற வரிசைதானே?"

"ஆமா ஆயா. டைப் தெரிஞ்ச பொண்ணு வந்தா எனக்கு வேலை பாதி. தெரியாதவங்க ஒத்தை விரல்ல எழுத்தைத் தேடிக்கிட்டே இருப்பாங்க, மிஷினு சும்மா காத்துக்கிட்டு இருக்கும். விரல் பழகறதுக்கு உங்க டைப் மிஷின்தான். இதுல பழக வெச்சா, ரெண்டு மிஷின் வாங்கினாலும் அறுவது பொண்ணுங்க வரிசையில நிப்பாங்க."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். முதல் ஆறு மாசம் டைப் மிஷின், அப்புறம் கம்ப்யூட்டர் என்று அங்கேயே எழுதினார். கரண்டு நிற்கிற அன்றைக்கு எல்லோரும் டைப் மிஷினுக்குத் திரும்ப வேண்டும் என்றும் எழுதினார். அது நான் சொன்னது. என் இருபத்திரண்டும் தப்பித்தது. அன்றைக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த கோபம் போய்விட்டது. உள்ளதைச் சொன்னால் ஆசைகூட வந்துவிட்டது.

நாலாம் நாள் எழுதி முடித்தார். கடைசிப் பாடத்துக்குத் தலைப்பு மட்டும் போட்டு, கீழே வெறுமையாக விட்டிருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தின் அமைப்பு எனக்குத் தெரியும். "இங்க என்ன டீச்சர், வெத்திடமா இருக்குது?" என்றேன். பத்மாதான் சொன்னாள்: "இப்ப நாங்க வெச்சிருக்கறதும் ரெண்டு மூணு வருசத்துல மாறிரும் ஆயா. அந்த இடத்துல என்ன எழுதினாலும் பழசாயிரும். வருசா வருசம் மேடம் இங்க வந்து பாத்துட்டுப் போயி எழுதிக்கட்டும்." மளிகைச் சாமான் எழுதின அட்டை டீச்சருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது.

எழுதினது எல்லாம் ஒரு ஃபிளாப்பியில் போய் உட்கார்ந்தது. கறுப்புச் சதுரம், அப்பளத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, வளைத்தால் வளையும். நடுவில் ஒரு ஓட்டை. ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சந்து, அதற்குள் பழுப்பாக ஏதோ மினுமினுக்கும். சந்து மேலே வருகிற மாதிரி பிடித்தால் ஒரு முகம், ஓட்டை வாய், சந்து நெற்றி. "ரெண்டு நாள் எழுதினது இத்தனூண்டுக்குள்ள இருக்குதா?" என்று கேட்டேன். "ரெண்டு மாசம் எழுதினாலும் இருக்கும்" என்றாள் பத்மா. தாளில் அச்செடுக்க அன்றைக்கு முடியவில்லை, பிரிண்டரில் கம்பெனி வேலை ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் எடுத்துக்கலாம்" என்றாள். ஃபிளாப்பியைத் தாள் உறையில் போட்டு டீச்சர் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஃபாக்டரியில் பூஜை. ஆயுத பூஜையன்று லீவு என்பதால் முந்தின நாளே செய்துவிடுவார்கள். ராட்சச மிஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஒரே புகை. எங்கள் லேபில் இந்தப் பூஜை என்னுடையது. இருபத்திரண்டு மிஷினுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். பர்வீன் டீச்சர் ஓரமாக நின்றுகொண்டு, முடிந்ததும் பொரி வாங்கித் தின்பார். அன்றைக்கு அப்புறம் யாரும் மிஷினைத் தொடக் கூடாது. ஒரு வருசம் அவசரமாக லெட்டர் அடிக்கணும் என்று ஆபீசிலிருந்து வந்து கேட்டபோது சாவியைத் தரமாட்டேன் என்றவள் நான்.

அங்கேயும் வயசில் மூத்தவள் என்று தட்டை என் கையில் கொடுத்தார்கள். பத்மா மட்டும், "ஆயா, உள்ள எங்கயும் படாம வெளிப்பக்கமா மட்டும் வைங்க" என்றாள். அப்படியே வைத்தேன். மேசைக்கு, பெட்டியின் ஓரத்துக்கு, பிரிண்டர் காலுக்கு. டீச்சரை மேனேஜர் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டார். பத்மா பிரிண்டரில் தாள் மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தோன்றியது: ஊரார் சாமானுக்கெல்லாம் வைத்தாயிற்று, நம்முடையது பையில் அநாதையாகக் கிடக்கிறதே. எடுத்தேன். உறை மேல் வைத்தால் உறைக்குத்தானே வைத்த மாதிரி? உறையை உருவினேன். அந்த முகத்தை நேராகப் பிடித்து, நெற்றியில் சந்தனம் தீற்றி, அது மேல் குங்குமம் நிறைவாக வைத்தேன். "எங்க டீச்சரைக் காப்பாத்து" என்று சொல்லிக்கூட வைத்தேன். திரும்ப உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

டீச்சர் வந்து, பையில் கை விட்டு எடுத்துப் பத்மாவிடம் கொடுத்தார். அவள் பிரிண்டரைப் பார்த்தபடியே வாங்கி உள்ளே செருகினாள். அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பச்சையாக ஒரு வரி வந்து நின்றது. பத்மா வெளியே இழுத்தாள். அந்தச் சந்தெல்லாம் சிவப்பு.

"அய்யய்யோ... யாரு வெச்சது இங்க?"

ரூமில் பொட்டுத் தட்டு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

பத்மா பஞ்சால் துடைத்தாள், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், திரும்பப் போட்டாள், எடுத்தாள். அந்தச் சந்துக்குள் தெரிகிற பழுப்பில்தான் அத்தனை எழுத்தும் இருக்கிறதாம். அதில் கோடு கோடாகக் கீறிவிட்டது. "இன்னொண்ணுல காப்பி எடுத்து வெச்சிருக்கணும் மேடம். நான் சொல்லியிருக்கணும்" என்று அவளும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய பதினாறு பக்கத்தில் பொரிகடலை தின்றாயிற்று. புதுசில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை.

காலா வூடு வரைக்கும் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். ரோட்டில் லாரிச் சத்தம்தான். சூளகிரியில் நான் சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அது வராமலே இருக்கட்டும், வராமலே இருக்கட்டும். வாசல் வந்ததும் தாங்க முடியவில்லை.

"கண்ணு, நான் வேணும்னு செஞ்சேன்னு நினைக்கறியா?" டீச்சர் என்பது வாயில் வரவில்லை, ங்க போடவும் வரவில்லை.

அவர் நின்றார். "வேணும்னு செய்யறவங்க பொட்டு வெப்பாங்களா ஆயா? தண்ணியத்தானே ஊத்துவாங்க."

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆறாம் நாள் ஆயுத பூஜை. காலாவிடம் கேட்டுவிட்டு, முன்ரூம் மூலையில் என் சின்ன டைப் மிஷினைத் துடைத்து வைத்து, ஓசூர் செவந்திப்பூ ஒரு முழம் போட்டு, பொட்டு வைத்திருந்தேன். டீச்சர் தட்டில் இருந்ததைத் தொடாமல் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. விஜயதசமி சாயங்காலம் பிரின்சிபால் கையில் கொடுத்தால்தான் ஸ்டென்சில் போட்டுப் பிரதி எடுத்து மறுநாள் காலையில் குழுவுக்குக் கொடுக்க முடியும். விஜயதசமி பஸ்ஸில் போய்விடும். இருக்கிறது இந்த ஒரு பகல். ஆனால் மிஷினைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு மிஷினைத் தொட்டால் மாதம்மாள் ஆயா என்ன செய்வாள் என்று காலேஜுக்கே தெரியும்.

நான் போய்ப் பூவைக் கழற்றினேன். பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். கையில் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, தாளும் கார்பனும் செருகிக் கொடுத்தேன்.

"அடிங்க டீச்சர்."

"இன்னிக்கா ஆயா?"

"சரஸ்வதி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன். பதினெட்டு வருசப் பழக்கம் எங்களுக்குள்ள."

அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் எடுத்துக் கொடுத்தேன். வார்த்தையெல்லாம் அவர் மண்டையில் இருந்தது. பக்கத்தின் உருவம் என் கண்ணில் இருந்தது. "இங்க எட்டு வரிதான் இருந்துச்சு, ஏழு அடிச்சிருக்கீங்க" என்பேன். யோசித்து, "ஆமா, ஒண்ணு விட்டுட்டேன்" என்பார். தலைப்பை நடுவில் வைக்க மறுபடியும் எழுத்தை எண்ணிப் பாதியாக்கினார். கடைசியில், "வெத்திடத்தை மறந்துறாதீங்க" என்றேன். காலா டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை உருவிவிட்டுத் திரும்பப் புதுத் தாள் செருகினார். கம்ப்யூட்டர் பாடத்துக்கு முன்னால் ஒரு பாடம் சேர்த்தார். என்ன என்று கேட்டேன். தமிழில் மாற்றிப் படித்துக் காட்டினார். "பாடம் ஒன்று. ஃபிளாப்பியைக் கையாளுதல். திறந்திருக்கும் பகுதியைத் தொடக் கூடாது. தூசி, தண்ணீர், எண்ணெய், சந்தனம், குங்குமம், விபூதி படக் கூடாது. எழுதிய எதற்கும் இரண்டு பிரதி வைக்க வேண்டும்."

"என் மானத்தை வாங்கவா?"

"உங்க பேரைப் போடலையே ஆயா."

விஜயதசமிக்கு மறுநாள் வந்த குழுவில் நாலு பேர். நான் காபி கொண்டுபோன சாக்கில் அங்கேயே நின்றேன். வழுக்கைத் தலைக்காரர் ஒருத்தர் அந்த வரியில் பென்சிலை வைத்தார். "சந்தனம், குங்குமமா? இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எந்தப் புத்தகத்துலயும் இல்லை சார்" என்றார் டீச்சர், அதே மெதுவான குரலில். "புத்தகத்துல இருக்கறது அட்டையில ஓட்டை போடறது. அது இப்ப எங்கயும் இல்லை. நம்ம பொண்ணுங்க கைக்கு ஃபிளாப்பி வந்தா முதல் ஆயுத பூஜையில என்ன நடக்கும்னு நான் கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன்."

அவர் பென்சிலை எடுத்துவிட்டார். வெத்திடத்துக்குத்தான் அரைமணி நேரம் வாதம். கடைசியில் அதுவும் நின்றது. கையெழுத்துப் போட்டார்கள். பிரிவு தப்பித்தது.

அந்த வெத்திடத்தின் புண்ணியத்தில் வருசா வருசம் மே மாசம் டீச்சரும் நானும் ஓசூர் போனோம். பார்த்துவிட்டு வந்து ஜூனில் அந்த இடத்தை நிரப்புவார், அடுத்த மேயில் அழிப்பார். எங்கள் காலேஜுக்கே இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. முதல் நாள் முதல் பாடத்துக்கு என்னை உள்ளே கூப்பிடுவார். அந்தச் சிவப்புப் படிந்த ஃபிளாப்பியை நான்தான் தூக்கிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் லேபில் ஒரு ஃபிளாப்பிகூட அப்படிக் கெட்டதில்லை.

நான் ரிடையர் ஆகிற வருசம் கடைசியாகப் போனோம். பத்மாவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். கையகலத்தில் கெட்டியாக ஒன்றைக் காட்டினாள். வளையவில்லை. சந்தும் தெரியவில்லை, அந்த இடத்தில் தகட்டால் ஒரு குட்டிக் கதவு. தள்ளினால் திறக்கிறது, விட்டால் தானாக மூடிக்கொள்கிறது. "இனிமே இதுதான் மேடம், பெரிசெல்லாம் போகப்போகுது" என்றாள். என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பயந்துதான் ஆயா கதவு போட்டுட்டாங்க" என்றாள்.

திரும்பும்போது சூளகிரியில் பஸ் நிற்காமல் போனது. அந்தப் புளியமரம் அங்கேயே இருந்தது. டீச்சர் மடியில் பாடத்திட்டம் இருந்தது. முதல் பாடத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"என்ன யோசனை?"

"இதுக்குக் கதவு வந்துருச்சே ஆயா. சந்தனம் குங்குமம்னு இன்னும் எதுக்குன்னு கேப்பாங்க. ஆனா எடுக்க மனசு வரலை."

எனக்கும் வரவில்லை. அத்தனை வருசப் பாடத்தில் என்னுடையது என்று இருந்தது அந்த ஒரு வரிதான். ஆனால் அட்டைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

"அடிச்சுருங்க" என்றேன். "ரெண்டு பிரதி வெக்கணும்கறது மட்டும் இருக்கட்டும்."

பஸ் குலுங்கினதில் கோடு கோணலாக விழுந்தது.

ரிடையர் ஆன அன்றைக்கு எல்லோரும் சால்வை போட்டார்கள். டீச்சர் அந்தப் பழைய ஃபிளாப்பியை உறையோடு என் கையில் கொடுத்தார். இப்போது அது எங்கள் வூட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எங்க வூட்டுக்காரரின் மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்து வைக்கும்போது அதையும் உறையை விட்டு உருவி, அந்த முகத்தை நேராகப் பிடித்து, நெற்றியில் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைக்கிறேன். அதற்கு வைக்கலாம்.